காரம் என்ன நிறம்?

சகாயசெல்விக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு நாற்காலியின் மேல் ஆசை வந்தது. அரசியல் நாற்காலி அல்ல, பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் சற்றுக் கோணல். நத்தம் சாலையோரம் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அது கிடந்தது. அதில் உட்காருபவர் அமைப்பாளர். சாம்பார் இறங்கியதும் ‘சுவை பார்த்தேன், நன்று’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தச் சுவையை வரவழைப்பது சமையல் உதவியாளரான செல்வி. கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு, நாக்கில் ஒரு நக்கு, அப்புறம் உப்பு. பதினொரு வருடமாக இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை, செல்வியைத் தவிர.

அமைப்பாளர் வருகிற டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மனுப்போடப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். செல்வியோ ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்.

“தனித்தேர்வரா எழுதப் போறேன்,” என்றாள் கணவன் கிளெமென்ட்டிடம். அவன் சிறுமலை வாழைத்தார்களை லோடு ஆட்டோவில் ஊருக்குள் இறக்குபவன்.

“பத்தாவதா? ஏ செல்வி, நானே மூணு தடவ எழுதிப் பாத்துட்டு விட்டவன்.”

“அதான் நாலாவது தடவய நான் எழுதுறேன், நான்சி அப்பா.”

தனித்தேர்வர்களுக்கு அறிவியல் செய்முறை வகுப்பு கட்டாயம். செய்முறையில் கோட்டைவிட்டால் அறிவியலில் தேற வழியில்லை. அறிவியல் போனால் நாற்காலியும் போச்சு. சனிக்கிழமைதோறும் திண்டுக்கல் டவுனில் வகுப்பு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசை அரும்பவில்லை. ஒருவருக்கு மட்டும் நரைத்திருந்தது. தோல் பதனிடும் ஷெட்டில் மேஸ்திரி நைனா முகமது, வயது ஐம்பத்திரண்டு.

“மக கல்யாணப் பத்திரிகை அடிக்கணும் தங்கச்சி. சம்பந்தி பேருக்குப் பின்னால பி.காம். இருக்கு. எம் பேருக்குப் பின்னால முற்றுப்புள்ளிதான் இருக்கு,” என்றார் அவர்.

முதல் வகுப்பிலேயே வம்பு வந்தது. அறிவியல் டீச்சர் மஹ்ஜபீன் ஆளுக்கொரு சோதனைக் குழாயைக் கொடுத்து, “உள்ள இருக்கிறது அமிலமா, காரமான்னு கண்டுபிடிங்க,” என்றாள். இதற்கா இத்தனை ஏற்பாடு என்று நினைத்த செல்வி, குழாயைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். கை வாய்க்குப் போகுமுன் டீச்சர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

“அக்கா! நக்கியா பாப்பாங்க?”

“பின்ன காரமா இல்லையான்னு எப்படி டீச்சர் தெரியும்?”

“இது மிளகாய்க் காரம் இல்லக்கா. இந்தக் காரம், அமிலத்தோட எதிர்க்கட்சி. சோப்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி எல்லாம் காரம்.”

“சோப்புல ஏது காரம்?” என்ற செல்வி கொஞ்சம் யோசித்தாள். “கண்ணுல பட்டா எரியத்தான் செய்யுது.”

நைனா முகமது சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டில் இருந்த குழாய்கள் ஆடின. “தங்கச்சி, பரீட்சைக்குக் கொஞ்சம் சோறும் கொண்டாந்துரு. வெஞ்சனத்த அவங்களே குழாயில ஊத்தித் தாராங்க!”

டீச்சர் லிட்மஸ் தாளைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள்: நீலத்தாள் சிவந்தால் அமிலம், சிவப்புத்தாள் நீலமானால் காரம். செல்வியின் மூளை இதை ஏற்க மறுத்தது. நீல நிறத்தில் எந்த ஊரில் காரம் இருக்கிறது? வற்றல் சிவப்பு, மிளகாய்த்தூள் சிவப்பு. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸிலும் அவள் ‘காரம் நீலம், காரம் நீலம்’ என்று மந்திரம்போலச் சொல்லுவாள். செத்த நேரத்தில் அது ‘காரம் சிவப்பு’ ஆகிவிடும்.

செய்முறைத் தேர்வு நாளில் காலை சமையலை முடித்துவிட்டு, மாற்றுச் சேலைக்கு நேரமில்லாமல் அப்படியே ஓடினாள். முந்தானையில் சாம்பார் மஞ்சள் ஒரு கை அகலத்துக்கு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கல்லுப் பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பிரித்தாள். ‘கொடுக்கப்பட்ட கரைசல் அமிலமா, காரமா?’

மாதாவே!

சிவப்புத்தாளை நனைத்தாள். நீலமாயிற்று. மந்திரம் இரண்டும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து அடித்துக்கொண்டன. பேனா ‘அமி’ வரை எழுதியது. நின்றது. நாற்காலி கண்முன் கோணலாக ஆடியது.

குனிந்தபோதுதான் முந்தானை கண்ணில் பட்டது. இந்த மஞ்சளோடு அவளுக்குப் பதினொரு வருடப் பகை. சோப்புப் போட்டால் போகாது. போட்டதும் ரத்தம்போல் சிவக்கும். சோப்பு... டீச்சர் சோப்பை என்ன கட்சி என்றாள்?

குழாயைச் சாய்த்தாள். கறைமேல் ஒரு சொட்டு.

சிவந்தது! சோப்புப் போட்டால் சிவக்கும் அதே சிவப்பு! ‘அமி’யை அடித்துவிட்டுக் ‘காரம்’ என்று தாள் கிழிகிறமாதிரி எழுதினாள்.

“என்னம்மா, சேலையில ஊத்துறீங்க?” பிள்ளையார் எழுந்து வந்துவிட்டார்.

நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கறையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “மஞ்சள் ஒரு இயற்கை நிறங்காட்டி. தெரியுமா?”

“தெரியாது சார். இத்தன வருசமா கறைன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

வாசலில் நைனா முகமது காத்திருந்தார். “என்னா தங்கச்சி, நக்கிட்டியா?”

“நான் இல்ல பாய், எஞ்சேல நக்கிருச்சு!” என்று கத்தியவள் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாளா பறந்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

மே மாதம் முடிவு வந்தது. இருவரும் தேறினார்கள். செல்விக்குச் செய்முறையில் முழு மதிப்பெண். கிளெமென்ட் அன்று தார் இறக்கிய கடைகளிலெல்லாம் இதைச் சொன்னான். தன் மூன்று தடவையைச் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த நாள். மதிப்பெண் பட்டியல் நகல் பர்சுக்குள் இருந்த குஷியில் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள். உள்ளங்கைச் சொட்டை நக்கியதும் முகம் கோணிற்று. பருப்புத் தண்ணீருக்கு அவள் ஓடித் திரும்புவதற்குள், நாற்காலியில் இருந்தபடியே அமைப்பாளர் எழுதி முடித்திருந்தார்: ‘சுவை பார்த்தேன், நன்று.’

செல்வி சாம்பாரைச் சரிசெய்தாள். மறுபடி ஒரு சொட்டு, இப்போது சரி. பிறகு பர்சைத் திறந்து, மனுவை எழுத உட்கார்ந்தாள்.