எத்தனை நாள் உழைக்கும்

அந்த ஷூக்களை அவர் மேசைமேல் கவிழ்த்து வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பழுப்பும் வெள்ளையுமாக இரண்டு நிறத் தோல், மேலே மெழுகு நூலில் நெருக்கமான தையல். அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் சின்னச் சின்ன இரும்புக் குப்பிகள் பதிந்திருந்தன. அதுவரை நான் அப்படி ஒரு ஷூவைப் பார்த்ததில்லை. “கோல்ஃப் ஷூ. ஆணியெல்லாம் திருகிக் கழட்டிட்டேன்,” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கேரண்டி அட்டையை எடுத்து ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: “இது எத்தனை நாள் உழைக்கணும்?”

எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலை தேரடி வீதியில் இருந்த ஒரு ஷூ கம்பெனியின் கிளையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவேன். கோயிலுக்கு வந்து வாசலில் செருப்பைத் தொலைத்தவர்கள்தான் எங்களுக்குப் பாதி வியாபாரம். மீதியில் பெரும்பகுதி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கறுப்பு ஷூ. விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதைப் பார்ப்பது என் பொறுப்பு. கடையின் பின்பக்கம் அதற்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். மூன்று பிரதியாகக் கார்பன் வைத்துப் பாரம் எழுத வேண்டும். குறை தொழிற்சாலையில் நேர்ந்ததா, உபயோகத்தில் வந்ததா என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். அந்தக் குறியை வைத்துத்தான் மெட்ராஸ் ஆபீஸ் மாற்றிக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். சில வருடங்களில் எனக்கு அது கைவந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் ஆள் எப்படி நடப்பவர் என்று சொல்லிவிடுவேன். பஸ் கண்டக்டரின் ஷூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் ஷூ குதிகாலில் மட்டும் தேய்ந்திருக்கும். பிறகு உள்ளே கையை விட்டு விரல்கள் படும் இடத்தைத் தடவிப் பார்ப்பேன். கண் தவறவிடுவதைக் கை பிடித்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

கடையில் அவரை நாங்கள் எஸ்டேட் சார் என்று சொல்வோம். ஆரணிப் பக்கத்துக்காரர். முப்பது வருடங்களுக்கு மேல் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். விடைகொடுக்கும்போது தோட்டத்தார் கொடுத்த பரிசு அந்த ஷூ. எங்கள் கம்பெனியின் மலைக் கிளையில் வாங்கியிருந்தார்கள். எந்தக் கிளையிலும் திருப்பலாம், ஒரு வருடம் கேரண்டி என்று அட்டையில் இருந்தது. பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் மனைவி இறந்துவிட்டார். “அவங்களுக்கு இந்த ஊருக்கு ஒருவாட்டி வரணும்னு இருந்துச்சு. லீவு கிடைக்கல,” என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். தினம் விடிந்ததும் மலையைச் சுற்றி வருவார்.

அப்போது கிரிவலப் பாதையில் இன்றைய நடைமேடை கிடையாது. தார் பெயர்ந்த ரோடு, இரண்டு பக்கமும் புளிய மரங்கள், அடி அண்ணாமலை தாண்டினால் மனித நடமாட்டமே குறைவு. எல்லோரும் வெறுங்காலில் போகிற பாதையில் இவர் மட்டும் ஷூ போட்டு நடப்பார். யாரோ கேட்டதற்கு, “சுகர் இருக்கு. வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் ஆர்டர்,” என்றாராம். டாக்டர் சொன்னதைக் கேட்கிறவர்தான். ஷூ போடச் சொன்னார் டாக்டர், போட்டுக்கொண்டார்.

எங்கள் மேனேஜர் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார். “சார், இது புல்லுல நடக்கறதுக்குச் செஞ்சது. புல்லுன்னா ரெண்டு மூணு வருஷம்கூட வரும். நீங்க தினம் தார் ரோட்டுல ஒரு சுத்து போறீங்க. தேயாம இன்னா பண்ணும்?”

“புல்லுல மட்டும்தான் நடக்கணும்னு கார்டுல எங்க போட்டிருக்கு?”

மேனேஜர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் போடவில்லை.

“நான் முப்பது வருஷம் தூள் அனுப்பினவன். பெட்டியில ஈரம்னு திருப்பி அனுப்பினாங்கன்னா, நீங்க எப்படிக் குடிச்சீங்கன்னு கேக்க மாட்டோம். பாரத்தை எழுதுங்க. முடியாதுன்னு மெட்ராஸ்ல சொல்லட்டும்.” கோபமில்லை. குரல் ஏறவும் இல்லை. எதைச் சொன்னாலும் அவர் ஒரே மாதிரிதான் சொல்வார்.

தீபத்துக்கு முந்தைய வாரம் அது. ஊர் நிறைந்து கிடந்தது. கடைக்குள் நிற்க இடமில்லை, மழை வேறு. அவரை என் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பாரம் எழுதத் தொடங்கினேன். இடது ஷூவில் அடி தேய்ந்திருந்ததே தவிர வேறு குறையில்லை. வலது ஷூவுக்குள் கையை விட்டேன். கட்டை விரலுக்குக் கீழே, பாதம் அழுந்துகிற இடத்தில், என் விரலில் ஏதோ கீறியது. அடித்தோல் தேய்ந்ததும் ஆணியைப் பிடிக்கும் இரும்புக் குப்பி ஒன்று தரையில் இடிபட்டு இடிபட்டு, உள் அட்டையைத் துளைத்து மேலே வந்திருந்தது. அதைச் சுற்றி அட்டை கஞ்சி போட்ட துணிபோல விறைத்துக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஒரு வாடையும் வந்தது. நனைந்த தோல்தான் இப்படி நாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி.

“கால்ல ஏதாச்சும் வலி இருக்குங்களா சார்?”

“வலி இருந்தா நடப்பனா?”

நியாயமான பதிலாகத்தான் பட்டது. பெருங்கூட்டம். முன்னால் யாரோ ஏழாம் நம்பர் செருப்பு எங்கே என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் காலைத் தொடுகிறவன் நான். முக்காலியை இழுத்துப் போட்டு, சாக்ஸைக் கழற்றுங்கள் சார் என்றிருந்தால் கழற்றியிருப்பார். அவர் காலில் இருந்தது கறுப்பு சாக்ஸ். எதுவும் தெரியவில்லை. “உள் அட்டையில் குப்பி துருத்தியுள்ளது. கறை உள்ளது,” என்று எழுதினேன். தொழிற்சாலைக் குறை என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். நடப்பதற்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ கேட்டார். அளவு பார்க்கட்டுமா என்றதற்கு, “ஒன்பதுதான். எதுக்குப் பாக்கணும்?” என்று தானே மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் ஷூக்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி, மறுநாள் பார்சலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டேன்.

தீபம் முடிந்து, திருவிழாக் கடைகளைப் பிரித்த பிறகு ஊர் பழையபடி காலியானது. மார்கழி பிறந்த பிறகு மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. குறையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கூடவே புது ஜோடி. மேனேஜருக்கே ஆச்சரியம். தோட்டக் கம்பெனி பெரிய வாடிக்கை, அதனால் இருக்கும் என்றார். வந்து பெற்றுக்கொள்ளும்படி அவருக்கு ஒரு கார்டு போட்டோம். பத்து நாளாகியும் ஆள் வரவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே அந்தத் தெருவுக்குப் போனேன். எங்கள் கார்டு அவர் கதவின் தாழ்ப்பாளில் செருகியபடியே இருந்தது. வீட்டுக்கார அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அவரை வேலூருக்கு இட்டுனு போய் மூணு வாரமாவுதுப்பா. காய்ச்சல்னு படுத்திருந்தாரு. ரூம்ல ஒரே வாடை. போர்வையை எடுத்துப் பாத்தா வலது கால் கறுத்துப் போயிருக்கு. அப்பவும் வலிக்கலைன்னுதான் சொல்றாரு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். தங்கச்சி ஆரணியிலருந்து வந்து கூட இருக்குது.”

“சரிங்க. ஷூ வந்திருக்குன்னு சொல்லிடுங்க,” என்றேன். கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அன்று மாலை வரைக்கும் எப்போதும்போல வேலை பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். சாப்பாடு இறங்கியது, பஸ்ஸில் தூக்கம் வந்தது. மனைவியிடம்கூட, ஒரு கஸ்டமருக்குக் காலை எடுத்துட்டாங்களாம் என்று பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன். அந்தக் கறையைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்குள் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாரத்தின் மூன்றாம் பிரதி கடை ஃபைலில் இருந்தது. ஒருமுறை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

மாசியில் அவர் வந்தார். சைக்கிள் ரிக்ஷாக்காரர் தோள் கொடுத்து இறக்கினார். அக்குளில் கட்டைகள். வேட்டியின் ஒரு பக்கம் வெறுமையாக ஆடியது. ஆள் பாதியாகியிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. “ஷூ வந்துடுச்சாமே,” என்றார்.

மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். ரசீதில், ஒரு ஜோடி புதிய ஷூ பெற்றுக்கொண்டேன் என்ற வரியின் கீழ் அவர் கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் திறந்து இரண்டையும் பார்த்தார். இடது ஷூவை எடுத்து என்னிடம் நீட்டினார். “போட்டு விடு.”

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். சாக்ஸைக் கழற்றினேன். பாதத்தைத் தூக்கி என் தொடைமேல் வைத்து விரல் இடுக்குகள், உள்ளங்கால், குதிகால் எல்லாம் பார்த்தேன். ஷூ போட இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. அவர் தடுக்கவில்லை. குனிந்தபடியே சொன்னேன்:

“சார், அன்னிக்கு அந்த வலது ஷூவுக்குள்ள ரத்தம் இருந்துச்சு. நான் பாத்தேன். உங்ககிட்ட சொல்லலை.”

அவர் கட்டைகளை நாற்காலியில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்:

“நானும்தான் பாத்தேன். தினம் சாக்ஸ்ல இருக்கும். துவைச்சுக் காயப்போடுவேன்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே சார்.”

“காட்டியிருக்கலாம். நடக்காதேன்னு சொல்லியிருப்பாரு. நடக்காம வீட்டுல உக்காந்து இன்னா பண்றது?”

என்மேல் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. ஷூவை மாட்டி நாடாவை முடிந்தேன். “இறுக்கமா இருக்குதா சார்?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். “நீயே பாத்துச் சொல்லு. எனக்குக் கால்ல ஒண்ணும் தெரியாது,” என்றார். ஷூவுக்கும் குதிகாலுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றேன். தலையாட்டினார்.

வலது ஷூவை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ரிக்ஷாவில் ஏற்றிவிட்டேன். “வீட்டுக்குத்தானே சார்?” என்று ரிக்ஷாக்காரர் கேட்டார்.

“மலையைச் சுத்திப் போ.”

“அது நேரமாவும் சார். வெயில் வேற.”

“ஆவட்டும்.”

ரிக்ஷா வீதி முனை திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்தால், பட்டை அறுந்த செருப்போடு ஒருவர் என் மேசைக்கு எதிரே காத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். பாரம் எழுதினேன்.

அந்தப் பங்குனியில் தங்கை அவரை ஆரணிக்கே அழைத்துப் போய்விட்டார். ஒன்றிரண்டு வருடம் இருந்தார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பௌர்ணமி நாளில் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமிருப்பதில்லை. ஓய்வு பெறும் வரை நான் அந்தக் கம்பெனியிலேயே இருந்தேன். திரும்பி வரும் ஷூவைப் பார்ப்பதற்கு முன்னால், போட்டிருந்தவரின் காலைக் காட்டச் சொல்வேன். சிலருக்கு அது பிடிக்காது. மேனேஜர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்பார்கள், ஏன் என்று. பழக்கம் என்று சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் ஆரணிக்குப் போன அதே வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஷூ வாங்க வந்தார். ஒன்றாம் வகுப்புச் சேரப்போகிற குழந்தை. முதல் ஷூ. நான் மாட்டிவிட்டு எழுந்து நடக்கச் சொன்னேன். இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள். முகம் கோணியது.

“கடிக்குதும்மா.”

“எல்லாம் போடப் போடச் சரியாயிடும். நட,” என்றார் அம்மா.

“கடிக்குது. இங்க கடிக்குது,” என்று குழந்தை சுண்டுவிரலைக் காட்டி அழ ஆரம்பித்தாள். எவ்வளவு சின்னக் கால். எவ்வளவு சரியாக இடத்தைக் காட்டினாள். அம்மா அடிக்கக் கையை ஓங்கினார்.

“விடுங்கம்மா, அழட்டும்,” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஷூவை மெல்லக் கழற்றினேன். சுண்டுவிரல் ஓரம் சிவந்திருந்தது. அதை என் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, முக்காலியிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மார்கழியிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கேட்டாள்: “அவருக்கு எங்கம்மா கடிக்குது?”