பாயோடு வந்தவர்கள்

டீச்சர் என்னிடம் முதன்முதலில் பேசியது வாயால் அல்ல. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், என் மடியிலிருந்த தட்டைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தார். என்னைவிட வேகமான கை. முடித்ததும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புகையில் சிவந்திருந்த என் கண்களைப் பார்த்து "போலே" என்றார். அது தான்சானியாவில் ஒரு மலையடிவாரக் கிராமம். கஷ்டப்படுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே சொல்கிற ஆறுதல் வார்த்தை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது.

அப்போது நானும் அம்மாவும் அஸ்தினாபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். நான் பத்தாவதோடு நின்றவள். கல்யாணம் ஆகவில்லை. தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவ சபையிலும் சமைப்பேன். எங்கள் சபையார் ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டும் வேலைக்கு உதவப் போவதாக முடிவானபோது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இப்படித்தான் என் பெயரும் சேர்ந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். வேண்டாம் என்று சொல்வதற்குள் பாஸ்போர்ட்டே வந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் குஷி. "போய்ட்டு வாடி. நம்ம வூட்ல ஒருத்தராவது ஏரோப்ளேன்ல ஏறணும். எனக்கு இன்னா, நான் இன்னா ஓடியா போய்டப் போறேன்? தம்பி கீறான், பார்த்துக்குவான்" என்றாள்.

ஆண்கள் எல்லாரும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள். செங்கல் சுமந்தும் கலவை போட்டும் மூன்றாம் நாளே கை கொப்பளித்துவிட்டது. குழுவுக்குத் தலைவராக வந்தவரைச் சபையில் எல்லாரும் அண்ணன் என்போம், பேங்கில் வேலை செய்தவர். தட்டோடு வந்து நின்று, "லோன் கேட்டு வர்றவங்ககிட்ட இந்தக் கையைக் காட்டணும்க்கா. பாவம்னு திரும்பிப் போயிடுவாங்க" என்று சிரிக்க வைப்பார். நல்ல மனிதர். ஆனாலும் சாப்பிட்டு முடிந்ததும் அவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து ஆங்கிலமும் தமிழுமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். எனக்கும் அவர்களுக்கும் ஒரே மொழிதான். ஆனால் பேச ஒன்றும் இருந்ததில்லை.

டீச்சர் தினமும் வருவார். மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்கு வருவார். எனக்கு அவருடைய பெயர் தெரியாது. எல்லாரும் கூப்பிட்டதுபோல் "ம்வாலிமு" என்று கூப்பிட்டேன். டீச்சர் என்றுதான் அதற்கு அர்த்தமாம். வாழைக்காய் உரிப்போம், கீரை ஆய்வோம். என் சாம்பாரை ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கை வெளியே நீட்டி இரண்டு கைகளாலும் விசிறிக்கொண்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேச வேண்டிய கட்டாயமே இல்லாத ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் அண்ணன் செல்போனோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மேட்டின் மேல்தான் சிக்னல் கிடைக்கும். "அக்கா, உங்க தம்பி உங்ககிட்ட பேசணுமாம், மேல வாங்க" என்றார். அவர் முகம் சரியில்லை.

"அக்கா, அம்மா போய்ட்டாங்கக்கா. தூக்கத்துலயே. நீ வர்ற வரைக்கும் வெச்சுகினு இருக்க முடியாதுக்கா. சாயங்காலமே எடுத்துடறோம்" என்றான் தம்பி.

விமான நிலையம் போகவே ஒன்றரை நாள் ஆகும். அடக்கத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. எல்லாரும் என்னைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். பரலோகத்தைப் பற்றி, சந்திக்கப்போகும் நாளைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். பிறகு கலவை காய்கிறது என்று வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் உலை வைக்கப் போனேன். மதியத்துக்கு எட்டுப் பேர் சாப்பிட வேண்டுமே.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். அந்த ஊர் போதகர் சொல்லியிருக்க வேண்டும். என் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். என்னை எழுப்பி, சுவரோரம் பாய் விரித்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி தலையில் விறகு, ஒருத்தி கையில் மாவு. ஒவ்வொருத்தி அக்குளிலும் ஒரு பாய். அடுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். துக்கப்பட்டவள் அங்கே சமைக்கக் கூடாதாம், தனியாகத் தூங்கக் கூடாதாம். போதகர் பிறகு சைகையால் புரிய வைத்தார். அவர்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் என்னைச் சுற்றிப் பாய் போட்டு உட்கார்ந்தார்கள், அங்கேயே படுத்தார்கள், காலையில் போய்விட்டு மறுபடி வந்தார்கள். மூன்று நாள் அப்படி இருந்தார்கள்.

முற்றம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கிதாரை எடுத்து வந்து பாடினார். ஆங்கிலம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை மொழிபெயர்க்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். அவர்களில் பாதிப் பேர் முன்பே அந்த ஊர்ச் சபைக்குப் போகிறவர்கள். விருந்தாளி பேசுகிறாரே என்று எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள்.

ஊர் திரும்பியபோது என் வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் விசாரிக்க வரவேண்டியவர்கள் தம்பியிடம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவின் கட்டிலையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரம்மா, "பெத்தவ செத்ததுக்குக்கூட வராம ஃபாரின்ல ஊழியமாம்" என்று என் காதில் விழும்படி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம். போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். தகரக் கூரை போட்ட மூன்று வகுப்பறைகள், செங்கல் சுமக்கும் அண்ணன்மார். அதன் பிறகு அந்த முற்றம்.

"இதைப் பாருங்க. பாயும் கையுமா வந்துட்டாங்க! வேத வசனத்துக்கு அவ்வளவு பசி!" என்றார் அண்ணன். சபை முழுவதும் "அல்லேலூயா" என்றது. "சமையல் அக்காவும் ரெண்டு வார்த்தை சாட்சி சொல்வாங்க" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடத்தான் எழுந்தேன். சுவரில் டீச்சரைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் பிரசங்கம் செய்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க எங்கம்மாவுக்காக வந்தவங்க" என்றேன். "எங்கம்மா செத்ததுக்கு, நான் தனியா இருக்கக் கூடாதுன்னு வந்தாங்க."

அடுத்த படத்துக்கு மாற்றப் போனார்கள். "கொஞ்சம் இருக்கட்டும்ணா" என்றேன். இருந்தது. அம்மா போனதிலிருந்து வராத அழுகை, அந்த மைக்கின் முன்னால் வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் தன் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். "எனக்குத் தெரியாதுக்கா. யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். காபி போட எழுந்தேன். யாராவது கையைப் பிடித்து உட்கார வைப்பார்களோ என்று ஒரு கணம் தயங்கி நின்றேன். "சர்க்கரை கம்மியாப் போடுங்கக்கா, அவருக்கு ஷுகர் இருக்கு" என்றார் அண்ணன் மனைவி.

இப்போது ஊரப்பாக்கத்தில் தனியாக இருக்கிறேன். வேறு விடுதி, அதே சமையல். அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள். டீச்சர் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அண்ணனும் மனைவியும் காபியைக் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். நான் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.