இரண்டு அங்குலத் துளிர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படுக்கையில் கிடந்தபடியே தேயிலைச் செடியை அளந்த ஒரே விஞ்ஞானி நான்தான்.

எழுபதுகளின் கடைசி. டிப்ளோமா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை டாக்டரம்மாவின் கீழ் ஆராய்ச்சி செய்தால், அவர் சிபாரிசில் அங்கே சேரலாம். எங்கள் எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் முப்பது செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டி, தினமும் துளிரை அளக்க வேண்டும். மூன்று வாரம் மழையில் மேடேறி முழங்கால் விட்டுப்போனது. நான்காம் வாரம் கம்பளிக்குள் இருந்தே எண்களை எழுதினேன்.

"ஏழாம் நம்பர்ல கவாத்து வெட்டுறாங்க லா, கேக்குதாடா?" என்றாள், கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மா.

"ம்" என்றேன், தூக்கத்தில்.

சனிக்கிழமை டாக்டர் கீழே ரிங்லெட் டவுனிலிருந்து ஏறி வந்தார். கவாத்தில் செடிகளையெல்லாம் வெட்டிவிட்டதால் காட்டில் இலையே இல்லை. முழங்கால் உயரக் குச்சிகளில் சிவப்புத் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நேத்து, துளிர் ரெண்டு அங்குலம்" என்று என் நோட்டை வாசித்தார்.

எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும் ஜோக் அன்று வரவில்லை. "கடைசி வாரம் பூரா பொய், டாக்டர். அலுத்துப் போச்சு."

இதே மேட்டில் அம்மா தினமும் கூடையோடு ஏறுகிறாள்; ஒருநாளும் அவள் பொய்க் கொழுந்து கொண்டுவந்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்போ யுனிவர்சிட்டி?" என்றேன்.

அளவுகோலை என் கையில் திணித்தார்.

"மொதல்ல குச்சிய அளந்து எழுது."