சிவப்புக் கோட்டுக்கு அக்கரை

பழஞ்சாமான் சந்தையில் ஒரு நிலவரைபடத்தை விரித்ததும் அதே பூஞ்சண வாசம். ஜெர்மனியின் ஆற்றுப் பள்ளத்தாக்கொன்றில், இப்போது இடித்துவிட்ட எங்கள் அகதி விடுதியின் சுவரிலும் இப்படியொன்று தொங்கியது. ஆற்றோடு ஓடிய அதன் சிவப்புக் கோடுதான் மாவட்ட எல்லை, அகதிகள் அதைத் தாண்டினால் நாடு கடத்திவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பியதால், பாலத்துக்கு அப்பாலிருந்த கடையை விட்டுவிட்டு, தினமும் பின்பக்க மலையைக் கடந்து அங்கிருந்த கடையிலிருந்து உருளைக்கிழங்கு சுமந்து வந்தோம். ஒருநாள் பந்தின் பின்னால் ஓடிய நான், பாலம் தாண்டியதை உணர்ந்து அலறித் திரும்பி, பல்துலக்கும் பிரஷைப் பையில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் பொலிசுக்குக் காத்திருந்தேன்.

ஜெர்மன் மொழியான டொச் வாசிக்கத் தெரிந்த பக்கத்து அறைக் குமார் அண்ணை அன்றுதான் வரைபடத்தின் மூலையில் அச்சிட்டிருந்த ஆண்டை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"வெளியிலை வாடா! இது அரசர் காலத்துப் படம். இப்ப எல்லை ஆறில்லை, பின்னாலை இருக்கிற மலை."

அம்மா கேட்டா, "அப்ப நாங்கள் போற கடை?"

"அதுதான் அக்கா, எல்லைக்கு அங்காலை."

அம்மா தன் பிரஷையும் என் பையில் போட்டா.