முந்நூறு வருடமும் ஒரு வெள்ளைப் பூவும்

மீனலோசனி அக்காவைப் போல அம்மனை நம்பியவரை நான் எங்கள் சரவணை ஊரில் கண்டதில்லை. தான் வேலை பார்த்த உப தபால் கந்தோரைப் பூட்டியதும் நேரே கோயிலுக்குத்தான் வருவார். பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் செய்யமாட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக அம்மன் காலடியில் வைக்க, ஐயர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. 1956இல் வல்லிபுரம் மாஸ்ரரைக் கலியாணம் பேசி வந்தபோது சிவப்பு வந்தது. அவரை அக்காவுக்குப் பிடித்திருந்தது ஊருக்கே தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு கலியாணமே செய்யவில்லை.

1974இல் கோயிலுக்கு முந்நூறாவது ஆண்டு கொண்டாடத் திருப்பணிச் சபை முடிவெடுத்தது. கோயில் மணியில் திகதி, கிழமையோடு 'ஆனந்த வருடம்' என்று வெட்டியிருந்தது. ஆனந்த அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். அந்த வருடமும் ஆனந்ததான். ஐந்து சுற்றுப் பின்னால் போய் 1674 என்று பிடித்துக்கொண்டோம். ஏன் ஐந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. செயலாளராக இருந்த நானும் கேட்கவில்லை; கோயில் கட்ட விடாத ஒல்லாந்தனுக்கு ஒளித்துக் கட்டிய கோயில் என்று சொல்லித் திரிய எனக்கும் ஆசை. சபைத் தலைவர் குலசிங்கம் அக்காவின் தமையன், மாத்தறையில் கடை வைத்திருந்தவர். அவர் 'முந்நூறாவது ஆண்டு, ஆனந்த வருடம்' என்று முகப்புக்குக் கல்லும் வெட்டுவித்துவிட்டார். விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை அக்காவிடம் கொடுத்தோம். எங்கள் தலைவிதி.

அவர் மணியிலிருந்த திகதியையும் கிழமையையும் பழைய பஞ்சாங்கக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். 1674 பொருந்தவில்லை, 1854 பொருந்தியது. கோயில் காணியின் உறுதிப் பத்திரத்தையும் தேடி எடுத்தார். 1851இல் அது வெறும் பனங்காணி.

"அஞ்சு சுற்றில்லை, ரண்டு சுற்று. நூற்றிருபது வருசம்" என்றார்.

"அப்ப அம்மாளையே கேட்பம்" என்றார் குலசிங்கத்தார். வெள்ளை வந்தால் முந்நூறு. ஐயர் எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் விழுந்து கும்பிட்டு எழும்பினார். "நான் எழுதினதை மாத்த ஏலாது."

குலசிங்கத்தாருக்குக் கோபம் தலைக்கேறியது. "பூவைப் பார்த்துத்தானே வல்லிபுரத்தை வேண்டாமெண்டனீ. அண்டைக்குச் சரியான பூ இண்டைக்குப் பிழையோ?"

அக்காவின் முகம் வாடியது. நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்டைக்கு நடக்கப் போறதைக் கேட்டனான், அண்ணை. அதுக்கு என்னட்டை வேறை என்ன இருந்தது? பூதான் இருந்தது. இது நடந்து முடிஞ்சது. மணி இருக்கு, உறுதி இருக்கு. வாசிக்கக் கண்ணும் அம்மாள்தான் தந்தவ. வாசிக்காமல் அவவைக் கேட்டது எங்கடை பஞ்சி, எங்கடை சோம்பல்; அவவின்ரை பிழையில்லை. முந்நூறெண்டு போடுறதெண்டால் போடுங்கோ. என்ரை பேரைப் போடாதேங்கோ."

குலசிங்கத்தார் சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் கல்வெட்டுகிறவனை அவரே கூட்டிவந்தார். இன்றைக்கும் முகப்புக் கல்லில் 'ஆனந்த வருடம்' மட்டும்தான். அதற்கு முன்னால் செதுக்கி எடுத்த பள்ளம். மலரும் 1854 என்றே வந்தது, அக்காவின் பெயரோடு. தங்கையோடு மட்டும் குலசிங்கத்தார் கதைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா இரண்டு பொட்டலங்களோடு கோயிலுக்கு வந்தார். நான் அசந்துபோனேன். இன்னும் என்ன கேட்கக் கிடக்கிறது என்றேன்.

"இதைப் பஞ்சாங்கத்திலை பார்க்க ஏலாது, தம்பி" என்றார். "அண்ணை இனி என்னோடை கதைப்பாரோ எண்டு கேக்கப் போறன்."