அப்பா தராத தண்ணீர்

நியூ டவுனில் கட்டட வேலையை விட்டுவிட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். சாலையோரக் குழாயடியில் ஒரு குழந்தை "ஜொல், ஜொல்" என்று அழுதது. அதன் தாய் உடனே தண்ணீர் கொடுத்தாள். எனக்குப் பழைய கோபம் தலைக்கேறியது.

தொண்ணூறுகளில் எங்கள் காளிகாட் வாடகை வீட்டில் எந்நேரமும் டெட்டால் வாடை. ஓடும் பஸ்ஸிலிருந்து விழுந்து அண்ணனுக்கு மண்டை உடைந்திருந்தது. இருபத்திரண்டு வயதில் பேச்சு போய்விட்டது. அம்மா இல்லாத வீடு. துறைமுக ஆபீஸுக்கு லீவு போட்டு அப்பாதான் அவனைக் குளிப்பாட்டினார், சவரம் செய்துவிட்டார், ஊட்டினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒரு மத்தியானம் அண்ணன் வாயைத் திறந்தான்.

"ஜொல்."

தெருவில் பெங்காலிப் பையன்களோடு வளர்ந்தவனுக்கு அந்தப் பாஷைதான் முதலில் திரும்பியது. அப்பா டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தண்ணின்னு சொல்லுடா, தரேன்."

"ஜொல்... ஜொல்..." அண்ணன் அழுதான்.

"முதல்ல நம்ம பாஷை வரட்டும்."

நான் டம்ளரைப் பிடுங்கி அண்ணன் வாயில் வைத்தேன்.

"எட்டாங்கிளாஸ் தாண்டாத ஊர்சுத்தி, நீ எனக்கு வைத்தியம் சொல்லித் தரியா?"

"அவன் பேசிட்டான்பா! நீங்கதான் அவன் வாயை அடைக்கிறீங்க."

"வெளிய போடா!"

போனேன். மறுநாள் காலை, எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த மிட்டாய்க் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். அண்ணன் குரல் அங்கே கேட்கும்.