பூட்டாத வலைப்பூ

எட்டாம் வகுப்பு மொழியாசிரியைக்கு வலைப்பூ என்றாலே முதலில் எரிச்சல்தான் வந்தது. இருபத்தாறு வருடமாகக் கட்டுரை நோட்டுகளைச் சுமந்து அவருடைய இடது தோள் சற்று இறங்கியே போயிருந்தது. இருந்தாலும் பழகின சுமை. தலைமையாசிரியை கூப்பிட்டு, "பசங்க கட்டுரையெல்லாம் இனிமே வலைப்பூல எழுதட்டும் டீச்சர். எது நமக்குச் சரிப்படும்னு ரெண்டு வாரத்துல பாத்துச் சொல்லுங்க" என்றபோது, இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தார்.

முதலில் பார்த்த தளத்தில், அவர் சோதனைக்காக எழுதிய நான்கு வரிக்குக் கீழே தொப்பை குறைக்கும் மாத்திரை விளம்பரம் வந்து நின்றது. இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் கைபேசி எண்ணையும் கேட்டது. "பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று அதையும் மூடினார். மூன்றாவது மட்டும் கண்ணுக்கு உறுத்தாமல் இருந்தது. 'வகுப்பினர் மட்டும்' என்று ஒரு பூட்டுப் படமும் இருந்தது. அதை அழுத்தினார். பூட்டு மூடிக்கொண்டது.

'எங்கள் வீட்டில் ஒரு சத்தம்' என்று தலைப்புக் கொடுத்தார். முப்பத்தைந்து பிள்ளைகளும் கணினி அறையில் உட்கார்ந்து தட்டினார்கள். மிக்ஸி, குறட்டை, தண்ணீர்க் குழாய் என்று வரிசையாக வந்தன. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் பெண், வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பதோடு சரி. அவள் எழுதியிருந்தாள்:

'என் அப்பா பஸ் ஓட்டுகிறார். அவருக்குத் திக்குவாய். இப்போது டிரைவர்தான் மைக்கில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டுமாம். அதனால் தினமும் காலையில் குளிக்கும்போது பத்து நிறுத்தங்களையும் சொல்லிப் பழகுகிறார். எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து விடுவார். நாங்கள் கேட்காத மாதிரி இருப்போம்.'

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இத்தனை வருடத்தில் திருத்த மனம் வராத கட்டுரை அது ஒன்றுதான்.

சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தை அழகுபடுத்தத் தோன்றியது. நீலம் போட்டார், பச்சை போட்டார், எழுத்தைப் பெரிதாக்கினார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டோடு கணினி முன்னால் உட்கார்ந்தவர் கண்ணில், அந்தக் கட்டுரையின் அடியில் சின்னதாக ஒரு எண் பட்டது. பார்வைகள்: நூற்றிருபத்தேழு.

முப்பத்தைந்து பிள்ளைகள். நூற்றிருபத்தேழு எப்படி? மேலே பார்த்தார். பூட்டு திறந்திருந்தது. நிறத்தை மாற்றியபோது அதுவும் சேர்ந்து பழைய நிலைக்குப் போய்விட்டிருந்தது. மூன்று நாளாக அந்த மனிதரின் திக்குவாய் ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது.

சட்டென்று பூட்டினார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் கணவர்.

"ஒரு குடும்பத்தோட மானத்த வாங்கிட்டேங்க."

கணினி ஆசிரியருக்குப் போன் போட்டார். அவர் முடிதிருத்தும் கடையில் பாதி வெட்டிய தலையோடு இருந்தார். "பதறாதீங்க மேடம். புள்ளிவிவரம்னு ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து படிங்க" என்றார்.

ஆசிரியை திறந்து படித்துக் காட்டினார். கணினி அறையிலிருந்து முப்பத்தைந்து. ஒரே வீட்டுக் கணினியிலிருந்து எண்பத்தொன்று.

"அந்த எண்பத்தொண்ணும் நீங்கதான் மேடம். கலர் மாத்தி மாத்திப் பாத்தீங்கல்ல?" மறுமுனையில் சிரிப்பு. "மிச்சம் எவ்வளவு?"

"பதினொண்ணு. எல்லாம் ஒரே கைபேசி."

"அப்போ ஒரே ஒரு ஆளுதான்."

பாதி உயிர் வந்தது. மீதி உயிர், அந்த ஒரு ஆள் யார் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை முதல் பாடவேளை முடிந்ததும், ஓட்டுநர் சீருடையில் ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்பே ஆசிரியைக்கு விளங்கிவிட்டது.

"உக்காருங்க சார். தப்பு என் மேலதான். மூணு நாளா அந்தப் பக்கம் பூட்டாம கிடந்துச்சு. நான் கவனிக்கல. மன்னிச்சிடுங்க."

அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, சொல் வருவதற்காகக் காத்திருந்தார். ஆசிரியையும் காத்திருந்தார்.

"பொ-பொண்ணுதான் காட்டுனா டீச்சர். நா-நான் பதினோரு தடவ படிச்சேன்."

"வேற யாரும் பாக்கல சார். நல்லாத் தேடிப் பாத்துட்டேன்."

"பா-பாத்தாலும் போகட்டும். இப்போ பூ-பூட்டிட்டீங்கல்ல?"

"பூட்டிட்டேன். ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டேன்."

அவர் சிரித்தார். "இவங்களுக்குக் கே-கேக்குதுன்னே எனக்குத் தெரியாது. இனி எதுக்குக் கு-குழாயத் திறந்து தண்ணிய வீணாக்கணும்? நேத்து கூ-கூடத்துலயே நின்னு சொல்லிட்டேன்." போவதற்குத் திரும்பியவர், ஞாபகம் வந்தவராய் நின்றார். "ஒ-ஒரு திருத்தம் டீச்சர். ப-பத்து நிறுத்தம் இல்ல. பதினொண்ணு. ஆ-ஆஸ்பத்திரிய விட்டுட்டா."

"அவளையே திருத்தச் சொல்றேன் சார்."

அவர் படியிறங்கிய பிறகுதான் ஆசிரியை நாற்காலியில் சாய்ந்து, ஞாயிறு மதியத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். பக்கத்து மேஜை கணக்கு டீச்சர், "என்ன, பெரிய பாரம் இறங்கின மாதிரி?" என்று கேட்டார். "ஆமா" என்றார்.

தலைமையாசிரியைக்கு அன்றே எழுதிக் கொடுத்தார்: மூன்றாவது தளம் நம் வகுப்புக்குப் பொருந்தும். ஆனால் நிறம் மாற்றினால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். நான் திறந்துவிட்டேன், அதனால்தான் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அப்படியொரு பசி. கணக்கு டீச்சர் நீட்டியதையும் மிச்சம் வைக்காமல் வாங்கிச் சாப்பிட்டார்.